ரேஷன் கார்டுக்காக மட்டும்

செம்மண்டலம், கடலூர்
10.1.2007

அன்பு அக்காவுக்கு,

சார்லஸ் எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் பனியில் பிடித்த சளி ஒருவழியாக இறங்கிவிட்டது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சுவேதா பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறாளா, இல்லை இன்னும் வயிற்றுவலி வருகிறதா?

மாமாவின் செல்லுக்கு மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் "வண்டில இருக்கேன் மச்சான், அப்பறமா பேசுறேன்" என்று வைத்துவிட்டார். புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் வேன் ஓட்டுகிறவருக்குப் பேச நேரம் ஏது? நானே அதே ஸ்டாண்டில் நாலு வருஷம் ஓட்டியவன்தானே. அதனால் இன்லேண்டு வாங்கிவிட்டேன். இந்த விஷயத்தை உனக்கு நேராகச் சொன்னால்தான் எனக்கும் திருப்தி.

அரசு பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்கிறார்கள். எனக்குக் கார்டு வந்துவிட்டது. வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்து பதினோரு வருஷம் ஆகிறது; பதிந்ததையே மறந்துவிட்டிருந்தேன். இந்த வருஷம் விட்டால் எனக்கு வயது தாண்டிவிடும், அடுத்த தடவை என்ற பேச்சே கிடையாது. பள்ளிக்கூட வேன் ஓட்டி எத்தனை நாளைக்கு, கரஸ்பாண்டன்ட் வீட்டு நாய்க்கு ஊசி போடக்கூட என்னைத்தான் அனுப்புகிறார்.

உன்னிடம் ஒரு வேலை. தகரப் பெட்டியில் என் டி.சி.யும் சாதிச் சான்றிதழும் இருக்கும். இரண்டையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. அங்கேயே என் லைசென்ஸ் ஜெராக்ஸ் இரண்டு கிடக்கும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ரேஷன் கார்டில் என் பேரை அடிக்காமலிருக்கச் சான்று கேட்டார்கள் என்று உனக்குக் கொடுத்தது. கடைசியில் தாலுகா ஆபீசில் கேட்கவே இல்லை. அது எனக்கு வேண்டாம். குறுக்கே 'ரேஷன் கார்டுக்காக மட்டும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன், வேறெதற்கும் ஆகாது. "ஜெராக்ஸுக்குக்கூடப் பூட்டு போடுறான் பாரு" என்று நீ அப்போது சிரித்தாய், ஞாபகம் இருக்கிறதா?

மாமாவுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
சார்லஸ்


சிதம்பரம்
23.1.2007

தம்பி சார்லசுக்கு அக்கா ஜெயராணி ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

முழங்கால் மழை நின்றதும் சொன்னபடி கேட்கிறது. சுவேதாவுக்கு வயிற்றுவலி வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருகிறது. அன்றைக்குத்தான் கணக்குப் பரீட்சை. நீ சளியோடு குளிர்ந்த தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொள்ளாதே.

உன் காகிதத்தை இரண்டு தடவை படித்தேன். அம்மா இருந்திருந்தால் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உனக்காக நன்றிக் காணிக்கை போட்டேன். "இன்னும் ஆர்டர் வரலியே, அதுக்குள்ள காணிக்கையா" என்று உன் மாமா கேட்டார். வந்தபிறகு இன்னொன்று போடுகிறேன் என்றேன்.

டி.சி.யும் சான்றிதழும் ரிஜிஸ்டரில் அனுப்பியிருக்கிறேன். ரசீது என்னிடம் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் போலீஸ் விசாரிப்பார்களா? விசாரித்தால் கடலூரிலா, இல்லை இங்கே நம் வீட்டு விலாசத்திலா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


செம்மண்டலம்
20.2.2007

அன்பு அக்காவுக்கு,

சார்லஸ். நல்ல சுகம். நாளையிலிருந்து லெந்து காலம், கறி மீன் கிடையாது, அதனால் இன்றைக்கே பிரியாணி சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஓட்டிக் காட்டும் பரீட்சை முடிந்தது. பழைய பஸ் ஒன்றைக் கொடுத்து எட்டுப் போடச் சொன்னார்கள். கியர் எந்தப் பக்கம் விழும் என்று அந்தப் பஸ்ஸுக்கே தெரியவில்லை. எனக்கு முன்னால் ஓட்டிய ஏழு பேரில் ஐந்து பேர் கம்பத்தைத் தட்டினார்கள். நான் தட்டவில்லை. இறங்கும்போது அந்த அதிகாரி, "எங்கய்யா ஓட்டுன?" என்று கேட்டார். புவனகிரி ரோட்டில் என்றேன். "அப்ப சரி" என்றார். கண் டாக்டரும் பாஸ் போட்டுவிட்டார்.

நீ கேட்டது சரிதான், போலீஸ் விசாரணை உண்டு. லைசென்சிலும் ரேஷன் கார்டிலும் சிதம்பரம் விலாசம் இருப்பதால் அங்கேதான் வருவார்கள். வந்தால் உட்காரவைத்து ஒரு டீ கொடு. என் பேரில் ஒரு பஞ்சாயத்து, ஒரு அடிதடி கிடையாது. விசாரிக்க என்ன இருக்கிறது? அது முடிந்தால் மே மாதக் கடைசிக்குள் ஆர்டர் வாங்கிச் சேர வேண்டும்.

போலீஸ்காரர் வந்ததும் ஒரு வரி எழுது.

சார்லஸ்


சிதம்பரம்
28.3.2007

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன், எல்லாரும் சுகம். இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. சுவேதாவுக்கு வேர்க்குரு. பரீட்சை முடிந்ததும் உன்னிடம் கடல் பார்க்க வர வேண்டுமாம். மாமாவின் வேனுக்கு எஃப்.சி. பார்த்தார்கள், மூன்று நாள் வண்டி ஓடவில்லை. தெருவில் தண்ணீர்க் குழாய் மாற்றினார்கள்.

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது என்று கோபித்துக்கொள்ளாதே. கை ஓயவில்லை.

ஈஸ்டருக்கு வருவாயா? வராவிட்டாலும் பரவாயில்லை, வேலை இருக்கும்.

அக்கா


செம்மண்டலம்
9.4.2007

அக்காவுக்கு,

சார்லஸ் எழுதுகிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசு நன்றாக இல்லை.

பெரிய சனிக்கிழமை அன்று பஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. போலீஸ் விசாரணையில் என் பேரில் சிதம்பரம் கோர்ட்டில் ஒரு கேஸ் நிலுவையில் இருக்கிறதாம். 25.8.2006 அன்று புவனகிரி ரோட்டில் வேனை அதிவேகமாகவும் அபாயகரமாகவும் ஓட்டினேனாம். அபராதம் கட்டவில்லையாம், சம்மன் அனுப்பியும் ஆஜராகவில்லையாம், அதனால் பிடிவாரண்ட் போட்டிருக்கிறார்களாம். மே 31-க்குள் கேஸை முடித்துக் காகிதம் காட்டாவிட்டால் என் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும்.

அக்கா, நான் சிதம்பரத்தில் வண்டியைத் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது. அந்த ஆகஸ்ட் 25 வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் பார்த்தேன், காலை ஏழரைக்கு என் கையெழுத்து இருக்கிறது. கடலூரில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டிருந்தவன் புவனகிரி ரோட்டில் எப்படிப் பறந்தேன்?

இரண்டு கேள்வி கேட்கிறேன், இரண்டுக்கும் பதில் எழுது. கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு ஏதாவது காகிதம் வந்ததா? விசாரிக்க வந்த போலீஸ்காரர் உன்னிடம் என்ன சொன்னார்? பிப்ரவரியிலேயே கேட்டிருந்தேன். நீ குழாய் மாற்றினதை எழுதினாய், அதை எழுதவில்லை.

ஈஸ்டர் ஆராதனைக்குப் போனேன். பாட்டு ஒன்றும் காதில் விழவில்லை.

சார்லஸ்


சிதம்பரம்
15.4.2007

மச்சான் சார்லசுக்கு சபாபதி எழுதுவது.

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் காகிதத்துக்கு உன் அக்கா பதில் எழுதப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறாள். அதனால் நான் எழுதுகிறேன். எனக்குக் காகிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் விட்டுவிடு.

நீ இருந்த காலத்தில் முறைக் கேஸ் கிடையாது. நீ போனபிறகு வந்தது. மாதக் கடைசியில் போலீசுக்கு இத்தனை கேஸ் எழுதிக் காட்ட வேண்டும். ரோட்டில் நிறுத்தி நிறுத்திப் பிடித்தால் நமக்கு நடை போய்விடும். அதனால் ஸ்டாண்டில் பேசி வைத்திருக்கிறோம், நடை எடுக்கிற மாதிரியே கேசுக்கும் முறை. யார் முறையோ அவன் லைசென்ஸ் ஜெராக்ஸைக் கொடுப்பான். யூனிஃபார்ம் இல்லை, ஆள் ஜாஸ்தி என்று ஏதாவது எழுதிக்கொள்வார்கள். கோர்ட்டில் சின்னக் கேஸ்களைக் கூப்பிடுகிற அன்று அவன் போய் நின்று ஒப்புக்கொண்டால் ஸ்டாண்டு அபராதம் கட்டிவிடும்.

போன ஆகஸ்டில் என் முறை. என் லைசென்சில் ஏற்கெனவே இரண்டு கேஸ் இருந்தது. மூன்றாவது விழுந்தால் ஆர்.டி.ஓ. லைசென்சைப் பிடுங்கிவிடுவார். நீ இங்கே ஓட்டுவதே இல்லை, உன் பேரில் ஒன்று போனால் உனக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். உன் பழைய ஜெராக்ஸ் ஸ்டாண்டு ஃபைலில் கிடந்தது, எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்த மாதம் பார்த்து மேலிடத்தில் வேகக் கேஸ் குறைகிறது என்று சொன்னார்களாம், அந்தப் பிரிவில் எழுதிவிட்டார்கள். சத்தியமாக எனக்குத் தெரியாது.

உன் பேரைக் கூப்பிட்டால் நம் ஸ்டாண்டு பக்கிரி போய் நிற்பதாக ஏற்பாடு. புதிதாக வந்த மாஜிஸ்திரேட் ஒவ்வொருத்தனிடமும் அசல் லைசென்ஸ் கேட்டார். பக்கிரி பயந்து வந்துவிட்டான். அதோடு எல்லாரும் விட்டுவிட்டோம்.

பிடிவாரண்ட் இருப்பதால் நீ இந்தப் பக்கம் வராதே. கொஞ்ச நாள் போனால் ஆறிவிடும்.

சபாபதி


செம்மண்டலம்
27.4.2007

அக்காவுக்கு,

சார்லஸ். சுவேதாவின் வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர் தடவு, மற்றதையெல்லாம் விட அது கேட்கும்.

மாமாவின் காகிதம் கிடைத்தது. கொஞ்ச நாள் போனால் ஆறிவிடும் என்கிறார். எனக்கு இருப்பது மொத்தம் முப்பத்துநாலு நாள்.

வக்கீல் குமாஸ்தா சுப்பராயலு என்று ஒருவர், இந்த மாதிரிக் கேஸில் ஊறினவர். புதன்கிழமை அவரைப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நானாகப் போய் ஆஜரானால் பிடிவாரண்டை ரத்து செய்துவிடுவார்கள், அது பிரச்சினை இல்லை. அதற்குப்பிறகு, குற்றத்தை ஒப்புக்கொண்டால் அன்றைக்கே முடிந்துவிடும். ஆனால் அபாயகரமாக ஓட்டினவன் என்று தீர்ப்பு இருக்கும். அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு எவன் பஸ்ஸைக் கையில் கொடுப்பான்? ஒப்புக்கொள்ளாவிட்டால் வாய்தா மேல் வாய்தா, ஒரு வருஷம் ஓடும். மே 31 எனக்காகக் காத்திருக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

ஒரே ஒரு சந்து இருக்கிறது என்றார். "ஒம் பேர யார் குடுத்தாங்கன்னு மட்டும் சொல்லு. ஒரு மனு போட்டு ஒரே வாய்தாவுல ஒன்ன வெளில கொண்டாந்துடறேன். அதுக்கப்பறம் அவுங்க பாடு."

அக்கா, நான் மாமா பேரைச் சொல்லப்போகிறேன். அவர் மேல் ஆள்மாறாட்டக் கேஸ் வரும், உள்ளே போனாலும் போவார் என்று சுப்பராயலு சொல்கிறார். இரண்டு நாள் யோசித்தேன். நீயும் சுவேதாவும் என்ன ஆவீர்கள் என்றும் யோசித்தேன். ஆனால் பதினோரு வருஷம் காத்திருந்ததை அவர் ஸ்டாண்டு முறைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆறிவிடும் என்று எழுதுகிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேலை கிடைத்தால் உங்கள் இரண்டு பேரையும் நான் பார்த்துக்கொள்வேன். அம்மாவின் மேல் ஆணை.

மே 15, செவ்வாய்க்கிழமை ஆஜராகிறேன். உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அதற்குள் எழுது.

சார்லஸ்


சிதம்பரம்
8.5.2007

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் சுகம். நுங்குத் தண்ணீர் தடவினேன், வேர்க்குரு அமுங்கிவிட்டது.

மாமா பேரைச் சொல்லாதே என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உனக்கு எது நியாயமோ அதைச் செய். நான் உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டேன்.

இதற்குக் கீழே நாலு வரி எழுதி அடித்திருக்கிறேன். வேறு இன்லேண்டு இல்லை, அதனால் இப்படியே அனுப்புகிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதே.

கோர்ட்டில் வெயிலில் நிற்காதே, குடை எடுத்து வா. வெறும் வயிற்றோடு வராதே. முடிந்ததும் வீட்டுக்கு வா. வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைக்கிறேன்.

அக்கா


செம்மண்டலம்
17.5.2007

அக்காவுக்கு,

சார்லஸ். நல்லபடி கடலூர் வந்து சேர்ந்தேன். வீட்டுக்கு வராமல் போனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ மாமாவிடம் கொடுத்தனுப்பிய சாப்பாடு வந்தது, சாப்பிட்டேன். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல்.

நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கே போய்விட்டோம். பெஞ்ச் கிளார்க்கிடம் சொல்லி சுப்பராயலு என் கேஸ் கட்டை வாங்கிப் புரட்டினார். நாலே காகிதம். கடைசியில் லைசென்ஸ் ஜெராக்ஸ். அதைப் பார்த்ததும் மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"ஏம்பா, இத மொதல்லயே சொல்ல வாணாமா? குறுக்க எழுதி கையெழுத்து போட்டு தேதியும் போட்டுருக்க. ரேஷன் கார்டுக்குக் குடுத்தத எடுத்து கேசுக்கு வெச்சிருக்கானுங்க. இது ஒண்ணு போதும், மாஜிஸ்திரேட்டு கண்ண மூடிக்கினு வெளில வுட்டுடுவாரு. யாருகிட்ட குடுத்த இத? அந்தப் பேர மட்டும் சொல்லு."

நான் வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். 14.6.2005. ஸ்டாண்டு ஃபைலில் கிடக்கும் பழைய ஜெராக்ஸில் குறுக்கே எதுவும் எழுதியிருக்காது.

"ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

"ஞாபகம் இல்லியா? ரேஷன் கார்டு காயிதத்த வூட்டாளுககிட்டதான குடுப்ப, ரோட்டுல போறவன்கிட்டயா குடுப்ப?"

ஞாபகம் இல்லை என்றே சொன்னேன். ஒப்புக்கொள்ளாமல் இழுத்தடித்தாலும் என்றைக்காவது ஒரு நாள் கூண்டில் ஏற்றி இதே கேள்வியைக் கேட்கத்தான் போகிறார்கள் என்றார் அவர். தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய் வெற்றிலை போட்டார்.

பன்னிரண்டு மணிக்கு டவாலி என் பேரை மூன்று தடவை கூப்பிட்டார். போய் நின்றேன். மாஜிஸ்திரேட் சின்ன வயசுக்காரர். அசல் லைசென்சைக் கேட்டார், கொடுத்தேன். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்றார். தெரியாது ஐயா என்றேன். "குற்றத்த ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். ஒத்துக்கிறேன் ஐயா என்றேன். சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அபராதம், கட்டத் தவறினால் ஒரு மாதம் ஜெயில். கட்டிவிட்டேன். அதோடு கோர்ட் கலையும்வரை சிறை என்றார். அப்படி என்றால் சாயங்காலம் மாஜிஸ்திரேட் எழுந்து போகிறவரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், வெளியே காலெடுத்து வைக்கக்கூடாது. பின் பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரிந்தது, அதன் கீழே டிபன் கேரியரோடு மாமா நின்றிருந்தார். ஒரு கான்ஸ்டபிள்தான் சாப்பாட்டை வாங்கி வந்து கொடுத்தார். என் பக்கத்தில் லால்பேட்டை லாரிக்காரர் ஒருவர், ஹார்ன் கேசுக்கு வந்தவர், அவருக்கும் ஒரு துண்டு மீன் கொடுத்தேன். ஐந்து மணி பத்து நிமிடத்துக்குக் கோர்ட் கலைந்தது.

கம்பெனிக்கு நேற்றே எழுதிவிட்டேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஜெராக்ஸ் இரண்டு கொடுத்தேன் அல்லவா? இன்னொன்று பெட்டியில் இருக்கிறதா?

சார்லஸ்


சிதம்பரம்
26.5.2007

சார்லஸ்,

இருக்கிறது. இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

ஸ்டாண்டு ஃபைல் என்று உன் மாமா எழுதியது என்னைக் காப்பாற்ற. பழைய ஃபைல் மழையில் நனைந்து போய்விட்டது. அன்றைக்கு அவர் சாப்பிட்டுக்கொண்டே, "மூணாவது கேஸ் உழுந்தா லைசென்சு போயிடும், வண்டி போயிடும், என்னா பண்றதுன்னு தெரியல" என்றார். நான்தான் பெட்டியைத் திறந்தேன். அவர் கேட்கவில்லை. நான்தான், "சார்லசுது ரெண்டு இருக்குதே, அவன் இங்க ஓட்டறதே இல்லியே" என்றேன். மேலே இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். குறுக்கே நீ எழுதியிருந்ததைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

சம்மன் இரண்டு தடவை வந்தது. அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் கும்பிட்டுக் கேட்டேன், கேஸை எழுதாதீர்கள் என்று. அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து உனக்குக் காகிதம் எழுத உட்கார்ந்தால் உண்மையை எழுத வரவில்லை, அதனால்தான் குழாயையும் வெயிலையும் எழுதினேன். அடித்திருந்தேனே நாலு வரி, அதுவும் இதுதான். தபால் பெட்டியில் போடுகிறவரை தைரியம் இருக்கவில்லை.

நீ குமாஸ்தாவிடம் ஞாபகம் இல்லை என்று சொன்னாயே, அந்த வரியை எடுத்து எடுத்துப் படிக்கிறேன். என் பேரைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

என்னை மன்னி என்று கேட்கவில்லை. பதில் மட்டும் போடு.

ஜெயராணி


சிதம்பரம்
19.8.2007

தம்பிக்கு,

மே மாதத்துக்குப் பிறகு இது நான் எழுதும் நாலாவது காகிதம். மற்ற மூன்றையும் போடவில்லை. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் செய்கிறேன்.

உன் விஷயத்துக்குப் பிறகு அவனவன் பேரைத்தான் கொடுக்க வேண்டும் என்று ஸ்டாண்டில் முடிவு செய்துவிட்டார்கள். ஜூலையில் மாமா முறை வந்தது. மூன்றாவது கேஸ். ஆர்.டி.ஓ. லைசென்சை ஆறு மாதத்துக்கு வாங்கி வைத்துவிட்டார். வேன் வாசலில் நிற்கிறது. ஒன்றாம் தேதிக்குள் டிரைவர் கொண்டுவராவிட்டால் வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஓனர் சொல்லிவிட்டார். மாமா வாழைக்காய் மண்டியில் மூட்டை இறக்கப் போகிறார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

உன்னை வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு எந்த உரிமையும் இல்லை. உனக்குத் தெரியாமல் எதையும் வைத்துக்கொள்ளக்கூடாது என்று முடிவெடுத்திருக்கிறேன், அதனால் எழுதினேன்.

அக்கா


கடலூர் ஓ.டி.
27.8.2007

அக்காவுக்கு,

சார்லஸ் எழுதுகிறேன். விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்றே கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டு, "அபாயகரமா ஓட்டுனன்னு தீர்ப்பு இருக்காமே, புள்ளைங்களப் பெத்தவங்க கேட்டா நான் என்னப்பா சொல்றது" என்றார். அவர் நாய்க்கும் இப்போது வேறு ஆள். இங்கே மீன் லாரியில் கிளீனராக இருக்கிறேன். உடம்பில் நாற்றம் போகவில்லை, மற்றபடி சுகம்.

மூன்று மாதம் பதில் போடவில்லை. போடக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் மேல் கோபம் இன்னும் போகவில்லை, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாயே, அதை என்றைக்கோ விட்டுவிட்டேன். அப்போது இந்த வேலை பற்றி எனக்கே தெரியாது. ஆனால் ஜனவரியில் என் காகிதத்தை இரண்டு தடவை படித்தேன் என்று எழுதினாயே, படித்துவிட்டுப் பேசாமல் இருந்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அப்போது சொல்லியிருந்தால் எதையாவது செய்திருக்கலாம், நாலு மாதம் இருந்தது. நீ காணிக்கை போட்டாய்.

இதையெல்லாம் எழுதிவிட்டேன், இனி நேரில் பேச மாட்டேன். நீயும் பேசாதே.

ஒன்றாம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறேன். வேறு யாரும் என்னை வண்டி தொட விடப்போவதில்லை, உங்களுக்கும் வேறு ஆள் கிடைக்கப்போவதில்லை. ஓனரிடம் மாமாவைச் சொல்லச் சொல். மண்டிக்குப் போனது போதும்.

பக்கிரி அண்ணனிடம் போனில் பேசினேன். "வா வா, ஒன் எடம் அப்படியேதான் இருக்கு" என்றார். அப்புறம், "வரும்போது லைசென்சு ஜெராக்ஸ் ஒண்ணு கொண்டா தம்பி, முறைக்கு ஃபைல்ல வெக்கணும். ஐப்பசில ஒனக்கு வரும்" என்றார்.

சரி என்றேன்.

புதிதாக எடுக்கவில்லை. நீ அனுப்பிய அந்த இரண்டாவது ஜெராக்ஸையே இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். மாமாவிடம் கொடுத்து ஃபைலில் வைக்கச் சொல். குறுக்கே எழுதியிருப்பதை அழிக்கவில்லை. யாரும் படிக்கப்போவதில்லை. பேரைக் கூப்பிடும்போது இந்தத் தடவை நானே போய் நிற்கிறேன்.

முழங்காலுக்கு இங்கே நல்ல எண்ணெய் கிடைக்கிறது, வாங்கி வருகிறேன். நான் வந்து அங்கேயே இருக்கப்போகிறேன் என்று சுவேதாவிடம் சொல். கடல் பார்க்க இனிமேல் வேறு யாராவதுதான் அவளைக் கூட்டிப்போக வேண்டும்.

உன் தம்பி,
சார்லஸ்